பொட்டு நிற்காத பானெட்

கார் கழுவுகிற தொழிலில் காரைக் கழுவுவது சுலபம், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களைச் சமாளிப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக வாசலுக்கு வந்து, தெருவே ஆலோசனை சொல்ல, முதுகு ஒடியக் கழுவி முடித்து உள்ளே போய் உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்கு வாரம் ஒரு முறை, எனக்குத் தினமும்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வாளிகளையும் சின்னப் பம்பையும் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வண்டி கழுவ ஆரம்பித்தேன். கழுவித் துடைத்த பிறகு கோட்டிங் ஸ்பிரே அடித்துக் கொடுப்பேன். பெயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உட்கார்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும், தூசியும் லேசில் ஒட்டாது. பாலக்காடு டவுனில் இதற்கு ஆள் கிடைத்தார்கள். என் சொந்த ஊரான எலப்புள்ளியில்தான் ஒருவரும் கூப்பிடவில்லை. தினமும் டவுனுக்குப் போய் வரப் பெட்ரோலுக்கே கட்டுபடியாகவில்லை. உள்ளூரில் பிடிபடாவிட்டால் மறுபடியும் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாமியின் மேடை

கல்பாத்தியில் ஒரு மாமி வீட்டு வண்டி. நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறும்வரை காத்திருந்து, துணியில் ஸ்பிரேயை அடித்துப் பகுதி பகுதியாகத் தேய்த்து, இன்னொரு துணியால் பளபளவென்று எடுத்தேன். மாமி கையைக் கட்டிக்கொண்டு கூடவே நின்றாள். முடித்து நிமிர்ந்தபோது கதவில் அவள் முகம் கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தது. பாராட்டப் போகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கூட நின்றேன். மாமி சொன்னாள்: "இத்தனை பளபளக்கறதே, கொஞ்சம் மிச்சம் வெச்சு எங்காத்து அடுக்களை மேடைக்கும் அடிச்சுட்டுப் போயேன்டிம்மா, சாம்பார் தெறிச்சுத் தெறிச்சுத் துடைச்சே கை போயிடுத்து!"

தேங்காய் நார்

எலப்புள்ளியில் கடைசியாக ஒரு கதவு திறந்தது. எங்கள் தெருக் கோடியில் இருக்கும் பழனிச்சாமி அண்ணன். நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம், வாழ்க்கையில் முதல் கார், வெள்ளை நிறம். அவர் சொல்லுக்கு ஊரில் மரியாதை உண்டு. அவர் ஒரு விதை நெல் வாங்கினால் அடுத்த போகத்துக்கு ஊரே அதை வாங்கும். அதனால் அவர் வண்டியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கொஞ்சம் படபடப்புத்தான்.

போய்ப் பார்த்தால் அண்ணன் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரை உருண்டையாகச் சுருட்டி, மாட்டைக் கொம்பிலிருந்து வால்வரை தேய்க்கிற மாதிரி வண்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்குத் தனியாக ஒரு வாளி, மெத்தென்ற துணி, மேலிருந்து கீழே என்று முறையெல்லாம் விளக்கினேன். நாரால் தேய்த்தால் கீறல் விழும் என்று கையால் தொட்டே காட்டினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாரைக் கீழே போட மனமில்லாமல் சொன்னார்: "இந்த நாருலதான அம்மிணி இத்தன வருசமா மாடு களுவுறேன், ஒரு மாடாவது கீறல் உளுந்துச்சுன்னு சொல்லியிருக்குமா?"

தாமரை இலை

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அதே வண்டிக்குக் கோட்டிங் அடித்தேன். கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்து, மத்தியானம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியோடு கிளம்புவதற்குள் களத்துக் கொட்டகையில் வைத்து முடித்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நான் அடித்ததிலேயே நன்றாக வந்தது அந்த வண்டிதான். அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரைப் பானெட்டில் ஊற்றிப் பார்த்தார். உருண்டு ஓடியது. இன்னொரு சொம்பு. அப்புறம் வழியில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி ஊற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் வேலை இனி நமக்குத்தான் என்று மனசுக்குள் ஸ்கூட்டருக்குப் பதிலாக ஒரு ஆட்டோவே வாங்கிவிட்டேன். அண்ணன் கடைசிச் சொம்பை ஊற்றிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்துக்குங்க, தாமர எலையாட்டம், ஒரு சொட்டு மேல நிக்குதான்னு!"

சேறுதான் விளம்பரம்

அந்தத் தெம்போடு மலைமேல் இருக்கும் தேவிகுளத்துக்குப் பஸ் ஏறினேன். என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த செல்வி அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் மாரியப்பன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். பூஜைக்கு ஸ்டாண்டு ஜீப்புகளைக் கழுவ ஆள் வேண்டும், அப்படியே கோட்டிங்கும் அடித்துக் கொடு என்று செல்விதான் கூப்பிட்டாள்.

கழுவுகிறவரைக்கும் மாரியப்பன் அண்ணன் சிரித்த முகமாக இருந்தார். ஸ்பிரே பாட்டிலை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தாத குறை. பூஜை ஒரு நாள் மட்டும் சாமிக்காகச் சுத்தம், அதற்கு மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சேற்றில் ஒரு சுற்று விட்டு எடுத்துவிடுவேன் என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "சுத்தமா நிக்கிற ஜீப்பப் பாத்தா, இவன் மலைக்கே போனதில்ல போலன்னு நெனச்சு டூரிஸ்ட்டு அடுத்த வண்டில ஏறிருவாம்மா, சேறுதான் நமக்கு போர்டு!"

வழுக்கி விழுந்த சந்தனம்

மறுநாள் பூஜை. ஜீப்புகள் வரிசையாக மாலை போட்டு நிற்க, செல்வி சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு பானெட்டிலும் வைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. பழனிச்சாமி அண்ணன் சம்சாரம் ருக்மணி அக்கா. அழுதுகொண்டு பேசினாள்.

வாழைக் கன்று கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பானெட்டில் வைத்திருக்கிறாள். அது அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. மறுபடி வைத்தால் மறுபடி வழுக்கல். ஈர விபூதியும் திரண்டு உருண்டுவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றதாம். மறுநாள் அந்த வண்டியில் குடும்பத்தோடு பழனிக்குப் போவதாக இருந்தார்கள். பொட்டு நிற்காத வண்டியில் யார் ஏறுவார்கள்? பூஜைக்கு முன்னால் கோட்டிங் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் நிற்காத இடத்தில் சந்தனம் மட்டும் எப்படி நிற்கும்! என் ஆட்டோ, என் ஊர் வேலை எல்லாம் அந்தச் சந்தனத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது. போனை வைக்கும் முன் அக்கா சொன்னாள்: "வெக்க வெக்க உளுகுது அம்மிணி, சாமி நா வெக்கற பொட்ட வேண்டாங்குது!"

சாமி எடம்

என்ன செய்வது என்று தெரியாமல் மாரியப்பன் அண்ணன் ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டிங் வேண்டாம் என்ற அந்த ஜீப்பின் நெற்றியில் செல்வி வைத்த சந்தனம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மறையூர் வழியாக இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எலப்புள்ளி வந்து சேர்ந்தேன்.

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவும் கலையாமல் நின்றது. "அக்கா, பொட்டு எந்த எடத்துல வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். நடு பானெட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே மட்டும் பாலிஷ் போட்டுத் தேய்த்துக் கோட்டிங்கை எடுத்துவிட்டேன். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். உருளவில்லை, படர்ந்தது. "இப்ப வெய்யுங்க" என்றேன். அக்கா புதிதாகச் சந்தனம் குழைத்து எடுத்து வந்தாள். அதை வைத்து, மேலே குங்குமம் வைத்துக் கையை எடுத்தாள். நின்றது. அவள் மூச்சு விட்ட பிறகுதான் நான் விட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வண்டி பூராவும் உன்ற மருந்து இருந்துட்டுப் போகுது அம்மிணி, இந்த ஒரு எடம் சாமிக்கு உட்டுரு."

அவர்கள் பழனி போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் மழையாம், பொட்டு மட்டும் அசையவில்லையாம். இதை அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து சொன்ன மறுநாள், இத்தனை நாள் என்னைக் கண்டும் காணாமல் போன பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்று கேட்டார்: "ஏனுங் அம்மிணி, டிராக்டருக்கும் சாமி எடம் உட்டு அடிச்சுக் குடுப்பீங்களா?"

இப்போது எலப்புள்ளியில் கோட்டிங் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் எனக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது நான் அடித்த இடம் இல்லை, அடிக்காமல் விடுகிற அந்தப் பொட்டு இடம்தான்.