முகமூடிக்குள் இருந்தவனின் நடை

காலை ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது. அக்கா அப்போது கறுப்பு உடையின் தோளில் பிரிந்திருந்த தையலைப் போட்டுக்கொண்டே, அதை மாட்டிக்கொள்ள வேண்டியவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "வரட்டும் எருமை. ஊரே வந்து உட்கார்ந்தாச்சு, இவனுக்கு மட்டும் இன்னும் விடியலை." போனில் தம்பி மனைவி. "அண்ணி, அவரு எழுந்திருக்க மாட்டேங்கிறாரு" என்றாள். "ஒரு சொம்புத் தண்ணியை மூஞ்சியில ஊத்து, தானா எழுந்திருப்பான்" என்றாள் அக்கா. மறுமுனையில் பதில் இல்லை. அழுகை கூட இல்லை. அந்த அமைதியில்தான் அவளுக்கு விளங்கியது. ஊசியை உடையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

படப்பிடிப்பில் எல்லாருக்கும் அவள் டைலர் அக்கா. உண்மையில் அக்காவாகப் பிறந்தது அவன் ஒருவனுக்குத்தான். இரவானால் முகமூடி போட்டுக்கொண்டு கொள்ளைக் கூட்டங்களை வேட்டையாடும் நாயகனைப் பற்றிய தொடர் அது. முகம் தெரியும் காட்சிகளில் நடித்தவர் பெரிய நடிகர். முகமூடி ஏறிவிட்டால் உள்ளே இருப்பது தம்பி. குதிப்பது, விழுவது, தொங்குவது, உதை வாங்குவது எல்லாம் அவன் கணக்கு. எங்கிருந்து தள்ளிவிட்டாலும் நாலு காலில் வந்து நிற்பான் என்று அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைக்குப் போனால் அவனை ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. "நான் புகழோட உச்சியில இருக்கேன்க்கா. என்ன, அது யாருக்கும் தெரியாது" என்பான்.

முதல் சீசன் தொடங்கிய வாரமே மதிலிலிருந்து குதித்ததில் இடது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நிறுத்த வழியில்லை. நொண்டிக்கொண்டே நடித்தான். பார்த்தவர்களுக்கு அந்த நடைதான் பிடித்துப்போனது. நாயகன் காலில் பழைய குண்டு ஒன்று இருப்பதாகக் கதையையே மாற்றி எழுதினார்கள். இரண்டாம் சீசன் வருவதற்குள் தம்பியின் கால் ஆறிவிட்டது, வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. முதல் நாள் மத்தியானம்வரை வலது காலை நொண்டிக்கொண்டிருந்தான். அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. எடுத்ததையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள். மறுநாள் அக்கா பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை அவன் இடது ஷூவுக்குள், குதிகால் படும் இடத்தில் டேப் போட்டு ஒட்டினாள். அதற்குப் பிறகு கால் மாறவில்லை. தினமும் காலையில் ஒட்டுவாள், சாயங்காலம் எடுத்து ஊசி டப்பாவில் போடுவாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அண்ணி, கடைசியா எடுத்தாங்களே மாடிப்படி சீன், அதை வெச்சுக்குவாங்களா, தூக்கிடுவாங்களா?"

"ஏம்மா?"

"சின்னவ கேட்டுக்கிட்டே இருக்கா. கடைசி எபிசோட்ல அப்பாதான் படி ஏறி வில்லனைப் பிடிக்கிறாருன்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா."

"விசாரிக்கிறேன்" என்றாள் அக்கா.

டைரக்டர் நல்ல மனிதர்தான். அவளை உட்காரவைத்துத்தான் சொன்னார். "படி ஏறுறது வரைக்கும் பூனை பண்ணிட்டான். மேல கதவைத் திறந்து வில்லன்கிட்ட நடந்து போறது பாக்கி. புது ஆள் வந்திருக்கான். அவன் நடை ஒத்துப்போச்சுன்னா ஒட்டிடலாம். இல்லைன்னா மொத்தத்தையும் அவனை வெச்சே எடுக்கணும். எனக்கும் மனசு கேக்கலைக்கா. சேனல்காரங்க தேதியை நகர்த்த மாட்டேங்கிறாங்க."

புது ஆள் தூண் மாதிரி இருந்தான். தம்பியின் உடை அவன் நெஞ்சைத் தாண்டவில்லை. அக்கா இரண்டு விலாவிலும் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டாள். கடைசி நாள் சாயங்காலம் பொத்தானை எடுத்த ஞாபகம் இல்லை. தம்பியின் ஷூவுக்குள் கையை விட்டுத் தேடினாள், இல்லை. ஊசி டப்பாவில் கிடந்தது. எடுத்துப் புது ஆளின் ஷூவில் ஒட்டினாள்.

அவன் நடந்தான். லைட்மேன் மேலேயிருந்து குரல் கொடுத்தார். "அண்ணே, வில்லனைத் தேடுற மாதிரி இல்லை, செருப்பைத் தேடுற மாதிரி இருக்கு."

"வலிக்குதுன்னு காட்டாதீங்க தம்பி" என்றாள் அக்கா. "வலிக்கிறது அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதுன்னு நடங்க." கழுத்தில் அளவு டேப்போடு அவளே நடந்து காட்டினாள். அப்படியே பூனையின் நடை.

"பேசாம அக்காவுக்கே முகமூடியை மாட்டிடலாம்" என்றார் டைரக்டர்.

"மாட்டுங்க. என் முட்டிவலிக்கு வில்லன்தான் என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

ஆனால் புது ஆள் எத்தனை தடவை நடந்தும் ஒட்டவில்லை. கடைசியில் தம்பி படி ஏறிய துண்டை மானிட்டரில் ஓடவிட்டார்கள். அக்கா பின்னால் நின்று பார்த்தாள்.

இது பொத்தான் நடை இல்லை. அதில் குதிகால்தான் கூசும். இங்கே கால் மொத்தமும் தாமதமாக எழுந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். நடுத்தளத்தில் நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறினான். இந்த இடத்தில்தான் டைரக்டர் அன்று, "பின்றடா பூனை! இதுதான்டா நடிப்பு!" என்று கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள், அக்காவும்தான். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினான். பந்தா என்று நினைத்தார்கள். பதில் சொல்ல அவனிடம் மூச்சு இருந்திருக்காது.

அவன் படி ஏறிய அன்று காலையிலும் அதே தோள் தையல் பிரிந்துவிட்டதென்று அவசரத்தில் நூல் வாங்க ஓடினாள். பொத்தான் டப்பாவிலேயே இருந்துவிட்டது. ஷூவில் ஒன்றும் இல்லை.

அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் துண்டைத் தொடவே டைரக்டருக்குக் கை வராது. புது ஆளிடம் போய், "பொத்தானைக் கழட்டிடுங்க தம்பி" என்றாள்.

"அப்புறம் எப்படிக்கா நொண்டுறது?"

"நொண்ட வேண்டாம். கீழேயிருந்து மாடிக்கு ஓடி ஓடி ஏறுங்க. போதும், இனிமே ஒரு படிகூட முடியாதுன்னு தோணுறப்ப வந்து நடங்க."

அவன் டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் தலையசைத்தார். உடை நனைந்து முதுகில் ஒட்டும்வரை ஏறி இறங்கினான். பிறகு கதவைத் திறந்து நடந்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஒட்டிடுச்சுக்கா" என்றார் டைரக்டர். "எது யாருன்னே தெரியலை."

வெளியே வந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். "வெட்டலைம்மா. சின்னவகிட்ட சொல்லு. அவ அப்பா ஏறின எல்லாப் படியும் வருது."

"நல்லா பண்ணியிருக்காரா அண்ணி?"

"ம். எல்லாரும் கை தட்டினோம்."

தொடர் முடிந்தால் உடையை முதலில் இருந்த தம்பியின் அளவுக்கே தைத்துச் சேமிப்பறைக்கு அனுப்ப வேண்டும். அக்கா இடது விலாவைப் பிடித்துத் தைத்துவிட்டாள். வலது விலா இன்னும் புது ஆளின் அளவிலேயே இருக்கிறது.