கடைசிப் பெயருக்கு ஜோடி இல்லை

எங்கள் தொழிலில் சாமான் இரண்டே இரண்டு: ஜோடி, பட்டியல். இரண்டு பெயரைச் சேர்த்து ஓர் அடைப்புக்குள் வைத்தால் ஜோடி. பல பெயர்களை வரிசையில் நிறுத்தினால் பட்டியல். ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற வகைக் கணினி மொழியில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வீடு கட்டுகிறோம். பிறகு எங்கே ஒழுகுகிறது என்று கூரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, டெல்லி முனிர்காவில் மூன்றாவது மாடியில் இயங்கும் ஒரு நாலு பேர் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி வித்யா என் வயதில் பாதி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. எனக்குக் கிடைத்த வேலை, தனியாக வசிக்கும் முதியவர்களுக்கான ஒரு தொண்டுச் சேவையின் புரோகிராம். தினமும் காலை ஏழு மணிக்குத் தொண்டர் ஒருவர் முதியவர் ஒருவருக்குப் போன் செய்வார். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி ஆள் அனுப்புவார். யார் யாருக்குப் பேசுவது என்று முந்தின நாளே ஜோடி சேர்த்துத் தகவல் அனுப்புவது என் பொறுப்பு. அந்த ஜோடியில் பிசகினால், ஒரு வீட்டில் ஒருவர் விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

முன்னே யார், பின்னே யார்

ஜோடியில் வரிசை முக்கியம். நான் தொண்டரை முன்னே வைத்தேன், முதியவரைப் பின்னே வைத்தேன். தகவல் அனுப்பும் பகுதியை எழுதும்போது அதை மறந்து, தலைகீழாகப் பிரித்தேன். இரண்டும் வெறும் பெயர்கள்தானே, மொழியும் ஆட்சேபம் சொல்லவில்லை. விளைவு: "நாளை காலை ஏழு மணிக்கு இந்த எண்ணுக்குப் பேசவும்" என்ற செய்தி முதியவர்களுக்குப் போனது. பெரும்பாலோர் அதைப் படிக்கவே இல்லை. புசா ரோடு மங்களம் டீச்சர் படித்தார். எண்பது வயது, ஆனால் சொன்னதைச் செய்து முடிக்கிற பரம்பரை. சரியாக ஏழு மணிக்கு ராகேஷ் என்ற வங்கி அதிகாரியை எழுப்பி, எழுந்தாயா, பால் குடித்தாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று இந்தியில் விசாரித்திருக்கிறார்.

சேவையை நடத்தும் சுனிதாஜி போன் செய்தபோது நான் மன்னிப்பு வாசகத்தை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே ராகேஷ் சொன்னதை ஒப்பித்தார்: "நாளைக்கும் அவங்களே பண்ணட்டும் ஜி. ஸ்வெட்டர் போட்டியான்னு என்னை யாராவது கேட்டு இருபது வருஷம் ஆச்சு."

பழசு போகாது

இந்த மொழியில் எழுதியதை அழித்து மேலே எழுத முடியாது. ஒரு பெயரை நீக்கச் சொன்னால், அந்தப் பெயர் இல்லாத புதிய பட்டியல் ஒன்று பிறக்கும். பழைய பட்டியல் அப்படியே இருக்கும். நானும் தினப்படிப் பட்டியல்களை எறியாமல் சேர்த்து வைப்பேன். டிசம்பர் பனியில் மங்களம் டீச்சர் காலமானார். ஏழு மணிக்கு அவர் போனை எடுக்கவில்லை. அன்று பேச வேண்டியவர் ராகேஷ்தான். ஆள் அனுப்பியவரும் அவர்தான்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்று சுனிதாஜி சொன்னார். எடுத்துவிட்டேன், ஆனால் பழைய பட்டியலில் இருப்பார், இந்த மொழியின் வழக்கம் அப்படி என்று சொன்னேன். அவர் சொன்னார்: "நல்ல மொழிதான் ஜி, எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அழிச்சா அழிஞ்சே போயிடுது."

சத்தமில்லாமல்

இரண்டு பட்டியல்களை ஜோடி சேர்க்கும் கட்டளைக்கு ஜிப் என்று பெயர். ஸ்வெட்டர் ஜிப்பேதான்: இந்தப் பக்கம் ஒரு பல், அந்தப் பக்கம் ஒரு பல், கோத்துக்கொண்டே போகும். ஒரு பக்கம் குட்டையாக இருந்தால் அந்த இடத்தில் நின்றுவிடும். மறுபக்கத்தில் மிஞ்சிய பற்களைப் பற்றிப் பேசவே பேசாது. எங்களிடம் முதியவர்கள் நாற்பத்தொருவர், தொண்டர்கள் நாற்பத்து மூவர். அதனால் மிஞ்சியவர்கள் எப்போதும் தொண்டர்கள்தான், அவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தூங்கினார்கள். அப்புறம் டெல்லியில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல் வந்தது: டிரான்ஸ்பர் ஆர்டர். ஒரே வாரத்தில் மூன்று தொண்டர்கள் மூட்டை கட்டினார்கள். பெயர்களை நீக்கினேன். புரோகிராம் ஒழுங்காக ஓடியது. பிழை என்று சிவப்பில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் யாருக்கோ காட்டுவதற்காக வித்யா கணக்கு எடுத்தாள். "ஆண்ட்டி, நாற்பத்தோரு பேர்ல நாற்பது போன் கால்தான் போயிருக்கு. ஏக் பந்தா கம்மி, ஒரு ஆள் குறையுது. செக் பண்ணுங்க" என்றாள். பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திறந்தேன். நேற்று இல்லை. முந்தாநாள் இல்லை. ஒன்பது நாள் தாண்டித்தான் கிடைத்தார்: யக்ஞராமன், கரோல் பாக், எழுபத்தொன்பது வயது. ஆங்கில அகரவரிசையில் கடைசிப் பெயர். ஒன்பது காலையாக யாரும் அவருக்குப் பேசவில்லை, எடுக்கிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி.

போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். ஓய்ந்தது. வித்யா தட்டச்சை நிறுத்திவிட்டாள். அவருடைய பக்கத்து வீட்டு நம்பரைத் தேட ஆரம்பித்தாள். "ஹே பகவான், ஜல்தி" என்று கணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை, ஏழாவது மணி அடிக்கும்போது எடுத்தார்; ஓர் இருமல் கேட்டது. துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தாராம். யார் என்று சொன்னேன், என்ன நடந்தது என்று சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது நாளும் ஏழு மணிக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். புகார் செய்திருக்கலாமே சார் என்றேன். "இதுக்கென்ன புகார்? பள்ளிக்கூடத்துலயும் கடைசிப் பேர் என்னோடதுதான். நேரம் ஆயிடுத்துன்னா வாத்தியார் என் பேரை வாசிக்காமலே ரெஜிஸ்டரை மூடிடுவார். நான் மனசுக்குள்ள 'உள்ளேன் ஐயா' சொல்லிப்பேன்."

மிஞ்சியவர்

அன்றே ஜிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நானே ஒன்று எழுதினேன். எந்தப் பக்கம் யார் மிஞ்சினாலும் அவர் பெயரைச் சிவப்பில் எழுதிக் காட்டும். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்தது நம்மில் யாருக்கும் ஆறுதல் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தொண்டர் குறைவது குறைவதுதானே. "புது ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பேசிடுங்களேன் ஆண்ட்டி. ஏழு மணிக்கு என்னை எழுப்ப யாராலும் முடியாது, தெரியும்ல?" என்றாள் வித்யா. தொண்டர் பட்டியலின் கடைசியில் என் பெயரைச் சேர்த்தேன். ஜோடி தானாக விழுந்தது.

மூன்று வாரம் பேசினோம். அவர் தண்ணீர் வந்ததா என்பதைச் சொல்வார், நான் வெளியே பனி எப்படி என்பதைச் சொல்வேன். பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. நானும் தனியாகத்தான் இருக்கிறேன் என்பதை ஒரு நாள் வேறு ஏதோ வாக்கியத்தின் நடுவில் சொல்லியிருக்கிறேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு சுனிதாஜி புதிய தொண்டர் ஒருவரை அனுப்பினார். அவர் பெயரை எனக்கு மேலே சேர்த்து ஓட்டினேன். நான் எழுதிய புரோகிராம் நான் சொல்லிக்கொடுத்தபடியே வேலை செய்தது. திரையில் சிவப்பில் ஒரு வரி: ஜோடி இல்லாதவர். பக்கத்தில் என் பெயர்.

பெயரை நீக்குவதற்கு முன்னால் யக்ஞராமனுக்குச் சொல்லிவிடலாம் என்று அழைத்தேன். நாளையிலிருந்து வேறு ஒருவர் பேசுவார், நல்ல பையன், நான் பட்டியலிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். "சரி மேடம், அவர் ஏழு மணிக்குப் பேசட்டும்" என்றார். போனை வைக்கப் போனேன். அவர் முடிக்கவில்லை. "ஏழேகாலுக்கு நான் உங்களுக்குப் பண்றேன். இந்த நம்பர்தானே? பக்கத்து வீட்டு நம்பரும் ஒண்ணு குடுத்து வையுங்கோ. எடுக்கலேன்னா ஆள் அனுப்பிடுவேன், ஆமாம்."

இத்தனை வருஷத்தில் நான் சரியாக எழுதிய ஜோடிகளில் பாதி ஒழுகிவிட்டன. தலைகீழாக விழுந்தது மட்டும் தினமும் ஏழேகாலுக்குத் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.