பாதையில் இறங்காத வண்டிகள்

டொரொன்டோவைத் தாண்டியதும் நெடுஞ்சாலையோரப் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறோம். நானும் நண்பன் ஜெயமும் பனிக்காலந்தோறும் வடக்கே போய்க் காட்டுப் பாதைகளில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓட்டுபவர்கள். வண்டிகள் இரண்டும் பின்னால் ட்ரெயிலரில் இருக்கின்றன. பாதையில் இறக்க ஒவ்வொன்றுக்கும் பேமிற் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். அதை எடுக்கக் கைபேசியைத் திறந்த ஜெயம், அதை என்னிடம் நீட்டுகிறான். கட்டணம் இந்த வருடமும் கூடியிருக்கிறது.

"ரெண்டு பேமிற், பெற்றோல், மோட்டல்... ஏலாது மச்சான்."

எனக்கும் கட்டாது; திரும்புவதென்று முடிவெடுக்கிறோம். கோப்பி வாங்க உள்ளே போகிறேன். காசு வாங்கும் தமிழ்ப் பெண் ட்ரெயிலரை எட்டிப் பார்க்கிறார்.

"வடக்கையோ போறியள், அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி, வீட்டை திரும்பிறம்."

"அங்கை ஸ்னோ இல்லையோ?"

"ஸ்னோ நல்லாக் கொட்டிக் கிடக்காம்."

அவர் கோப்பியையும் மிச்சக் காசையும் நீட்டுகிறார்.

வெளியே வந்தால், ஜெயம் தலைக்கவசத்தோடு ட்ரெயிலரில் ஏறித் தன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். "சத்தத்தையாவது ஒருக்காக் கேட்டிட்டுப் போவம்," என்று இயந்திரத்தை முடுக்குகிறான்.

கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, நானும் ஏறி என்னுடையதை முடுக்குகிறேன்.