ஆறாம் மாடியில் ஆளில்லை

எங்கள் கட்டடத்தில் ஆளில்லாத வீடுகள் அதிகம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்பி நிற்கும் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். வாங்கியவர்கள் லண்டனிலும் சிட்னியிலும் இருப்பார்கள். வருடத்தில் ஒரு தடவை ஒரு கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வந்து, மூன்று கிழமை ஏசி போட்டுப் படுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச மாதங்களில் அங்கே குடியிருப்பது கரப்பான் பூச்சி மட்டும்தான்.

அப்படிப் பூட்டிப் போன வீடொன்றில் ஒரு பைப் வெடித்தது. தண்ணீர் கதவுக்குக் கீழால் வழிந்து லிப்ட் குழிக்குள் இறங்க, லிப்ட் படுத்துக்கொண்டது. கட்டடக் கமிட்டி கூடிக் கூடிக் கதைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. ஆளில்லாத வீடுகளின் தண்ணீர் வால்வை வெளியிலிருந்தே பூட்டிவிடுவது. நல்ல முடிவுதான். ஆனால் எந்த வீட்டில் ஆளில்லை என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள்.

கமிட்டிச் செயலாளர் ஒரு ஹாஜியார், புறக்கோட்டையில் துணி வியாபாரம். "சேர், நீங்க கம்பியூட்டர் ஆள்தானே. கேற் காட் சிஸ்டத்துலயிருந்து ஒரு லிஸ்ட் எடுத்துத் தாங்களே. ஒரு மணித்தியால வேலைதானே?" என்று போனில் கேட்டார். முன் கேற்றைத் திறக்க வீட்டுக்கு வீடு ஒரு காட் உண்டு, அதை வைக்கும் நேரமெல்லாம் பதிவாகும். கம்பியூட்டர் தெரியாதவர்களுக்கு எல்லாமே ஒரு மணித்தியால வேலை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் நிற்கும், அன்றும் வந்தது. இருந்தாலும் ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கிழமை முழுக்க எனக்கு வந்த ஒரே போன் கோல் அதுதான்.

மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று ரொறன்ரோ போனவள். ஆறு மாதம் என்றுதான் போனாள். பிறகு குளிர் முடியட்டும் என்றாள், பிறகு பிள்ளை நடக்கத் தொடங்கட்டும் என்றாள், இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். நானும் விசாவுக்குப் போட்டேன், கிடைக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் ஒபிஸையும் கொம்பனி மூடிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றது. மீற்றிங்கில் எல்லோரும் கமெராவை மூடிக்கொண்டு பெயராக மட்டும் இருப்பார்கள். சாப்பாடு போனில் சொன்னால் வரும். கொண்டு வருகிற பெடியன் வாசலில் வைத்துவிட்டு மணியை அடிப்பான், நான் கதவைத் திறக்கும்போது லிப்ட் மூடிக்கொண்டிருக்கும். பின்னேரங்களில் பின்பக்கச் சின்னக் கேற்றால் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தடியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தக் கேற்றுக்குக் காட் கிடையாது, ஒரு ஆமைப்பூட்டுத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குக் காலையில் எழும்பினால் தும்மல். ஒன்றிரண்டல்ல, அடுக்கடுக்காக, சுவர் அதிர வரும். மனைவி இருந்த காலத்தில், "ஐயோ, விடியக்காலமை சனத்தை எழுப்பாதேங்கோ" என்று என்னைக் குளியலறைக்குள் துரத்திவிடுவாள். இப்போது துரத்த ஆளில்லை. ஆனாலும் பழக்க தோஷம், குளியலறைக்குள் போய்த்தான் தும்முகிறேன்.

பைப் வெடித்த கதை நடந்து கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கட்டிலோடு கிடந்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன, அங்கிருந்து ரசம் வைத்துத் தர முடியுமா? நாலாம் நாள் மணி அடித்தது. யாரோ என்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். கீழே வாசலில் நிற்கும் வாச்சர். "சேர், வத்துர லீக் வெனவத?" என்று சிங்களத்தில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகுதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறான்! "நே!", இல்லை என்று கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். இந்தக் கட்டடத்தில் பைப்புக்கு இருக்கிற மதிப்பு மனிதனுக்கு இல்லை என்று திரும்பப் போய்ப் படுத்தேன். அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

சரி, லிஸ்ட். காட் சிஸ்டத்தை விற்ற கொம்பனி ஒரு ஏ.பி.ஐ. தந்திருந்தது. அதை ஒரு கவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சாவியைக் காட்டி, சரியான மாதிரிக் கேட்டால் உள்ளே இருக்கும் பதிவுகளை இணையத்தின் வழியாக எடுத்துத் தரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தராது. ஒரு பிடி தந்துவிட்டு, மிச்சம் வேண்டுமென்றால் திரும்பவும் வந்து கேள் என்னும். எங்கள் அரசாங்கக் கந்தோர்களின் அதே குணம். நானும் விடாமல் கேட்டுக் கேட்டு, வந்ததையெல்லாம் மாடிவாரியாக அடுக்கி, வீட்டு இலக்கம், சொந்தக்காரர், கடைசியாகக் காட் வைத்த திகதி, ஆள் உண்டா இல்லையா என்று வரிவரியாகக் காட்டும் ஒரு சின்னக் கருவியைச் செய்தேன். இரண்டு பின்னேரம் போனது. கடலுக்குக்கூடப் போகவில்லை. சந்தோஷமாக இருந்தது. எதைக் கேட்டாலும் பதில் வந்ததே!

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுவதையும் ஓட விட்டேன். வரிகள் மளமளவென்று இறங்கின. முதலில் என் வீட்டைத்தான் தேடினேன். ஐந்தாம் மாடி, என் பெயர், அதற்கு நேரே: ஆளில்லை.

அட கோதாரி! புரோகிராமில்தான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று வரிவரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. திரும்ப ஓட விட்டேன், திரும்பவும் ஆளில்லை. காட் கொம்பனியின் விளக்கக் குறிப்பைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முப்பது நாள் காட் வைக்காத வீடு ஆளில்லாத வீடு. இவ்வளவுதான் விதி. முன் கேற்றில் காட் வைத்து நான் எங்கே போனேன்? போக யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷினுக்கும் தெரிந்துவிட்டது என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் ஆறாம் மாடி. எனக்கு நேர் மேல் வீட்டுக்கும் ஆளில்லை என்றுதான் போட்டிருந்தது. அது சுத்தப் பொய். விடியச் சாமத்திலேயே அங்கே வாளி நிரம்பும், துணி அடிக்கும் சத்தம் கேட்கும், அழுக்குத் தண்ணீர் என் குளியலறைச் சுவர்ப் பைப்பால் சளசளவென்று இறங்கும். ஒரு நாளும் தவறாது. அங்கே இருப்பது யார் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஹாஜியாருக்குப் போன் அடித்தேன்.

"உங்கட வீட்ட நீங்களே மாத்திக்கோங்க சேர், உங்கள எனக்குத் தெரியுந்தானே" என்றார். "மேல் வீடு லண்டன்காரர்ட. ஆளுக்குக் குடுத்ததா கமிட்டிக்கு ஒண்டும் சொல்லல்ல. கோல் எடுத்தாலும் ஆன்சர் இல்ல. நாளைக்குக் காலைல பிளம்பர் வாறாரு, பூட்டிருவோம்."

"இல்லை ஹாஜியார், ஆளிருக்கு. ஒவ்வொரு நாளும் தண்ணி ஓடுது."

"அது லீக்கா இருக்கும் சேர். அதுக்குத்தானே பூட்டச் சொல்றது!"

இந்த மனிதரோடு கதைத்து வேலையில்லை என்று போனை வைத்துவிட்டுப் படியால் ஏறினேன். ஒரே ஒரு மாடிதான். இத்தனை காலத்தில் அதுதான் முதல் தடவை.

தட்டினேன். சங்கிலி போட்டபடி கதவு நாலு விரலுக்குத் திறந்தது. என் வயதை ஒத்த ஒரு அம்மா, கையெல்லாம் ஈரம்.

"நான் கீழ் வீடு" என்றேன்.

"தெரியும். வாங்கோ" என்று சங்கிலியைக் கழற்றினார்.

எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே உள்ளே போனேன். விறாந்தைக்குள்ளேயே, குளியலறைக் கதவோடு ஒட்டி ஒரு கட்டில் போட்டிருந்தது. அதில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். அவரது கணவர். பாரிசவாதம், பேச்சும் போய்விட்டதாம். ஒரு கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யுமாம். "கொட்டாஞ்சேனையில இருந்தனாங்கள். அங்க லிப்ட் இல்லை, இவரைத் தூக்கி இறக்கேலாது. இது இவற்ற லண்டன் மச்சான்ர வீடு, இருங்கோ எண்டு விட்டவர். காட் ஒண்டும் எங்களுக்குத் தரேல்லை. எங்க போறது நாங்கள்? மருந்து சாமானெல்லாம் வாச்சர்தான் வாங்கித் தாறவன்."

நான் வால்வு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "தண்ணியையோ? ஐயோ, இவரை எத்தினை தரம் கழுவித் துடைக்க வேணும்! தண்ணி இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இஞ்ச இருக்கிறம் எண்டு நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கேயே நின்று ஹாஜியாருக்கு வீடியோ கோல் எடுத்து, போனைக் கட்டில் பக்கம் திருப்பினேன். "லீக் எண்டனீங்கள், இந்தா பாருங்கோ லீக்கை!"

"யா அல்லாஹ்" என்றார் ஹாஜியார். "சேர், அந்த லிஸ்ட்ட விடுங்க. நாளைக்கு நானும் பிளம்பரோட வாறேன். கதவத் தட்டிப் பாக்காம ஒரு வால்வும் பூட்ட மாட்டம்."

போனை வைத்தேன். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. மூக்கு தாங்கவில்லை. ஒரு தும்மல், இன்னொன்று, பிறகு இன்னொன்று.

கட்டிலில் கிடந்தவரின் கண் சட்டென்று என் பக்கம் திரும்பியது. போர்வைக்கு மேல் கிடந்த கையிலிருந்து ஒரு விரல் நிமிர்ந்தது. அடுத்தது. மூன்றாவது பாதி நிமிர்ந்து நடுங்கியது.

"பாத்தியளே, எண்ணுறார்!" என்று அந்த அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "காலமையில இதுதான் அவற்ற வேலை. பாத்ரூம் யன்னலால உங்கட தும்மல் கேக்கும். டொக்டர் விரலை ஆட்டுங்கோ எண்டா ஆட்டமாட்டார், உங்களுக்கு மட்டும் ஆட்டுவார். நான் பிழையா எண்ணினா கோவம் வேற. உங்கட கணக்கு ஏழு, ஒண்டு குறைஞ்சாலும் அடுத்ததைப் பாத்துக்கொண்டே கிடப்பார்."

சிரித்துவைத்தேன்.

"ஒருக்கா நாலு நாள் சத்தமே இல்லை" என்றார் அவர். "இவர் சாப்பிடமாட்டன் எண்டு நிலத்தையே கண்ணால காட்டிக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. தெரியாத ஆம்பிளையின்ர கதவை நான் போய்த் தட்டேலுமோ? வாச்சரிட்டத்தான் சொன்னனான், தண்ணி ஒழுகுதோ எண்டு கேக்கிற மாதிரிக் கேட்டு, ஆள் சுகமா இருக்கிறாரோ எண்டு பாத்துக்கொண்டு வா எண்டு. வந்து சொன்னான், இருக்கிறார், நல்லாக் கத்துறார் எண்டு. அதுக்குப் பிறகுதான் இவர் கஞ்சி குடிச்சவர்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்றார். இருந்து குடித்தேன்.

மறுநாள் விடிய, பிளம்பர் வருவதற்கு முன்னமே எழும்பிக் குளியலறைக்குள் போனேன். மேலே வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. முதல் தும்மல் வந்ததும் பைப்பை மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே அமைதி. ஆறு வந்தது. யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன், ஏழாவது வருகிற மாதிரித் தெரியவில்லை.

ஏழாவதை நானே தும்மினேன்.