போக பன்னிரண்டு, வர முப்பத்தைந்து

டிராவல் ஏஜென்சியில் நாம் விற்பது டிக்கெட். ஜனங்கள் கேட்டு வருவது பதில். தொண்ணூறுகளில் கோவையில் அப்படியொரு ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்த எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

எவ்வளவு தூரம்

ஈரோடு பக்கத்து அந்தியூர் விவசாயி சென்னியப்பன் தன் மனைவி ருக்மணியை சிகாகோவுக்கு, மகள் பிரசவத்துக்கு அனுப்ப வந்தார். மாடுகளைப் பார்க்க ஆளில்லாததால் அம்மா தனியாகத்தான் போகவேண்டும். "எத்தன தூரமுங்க?" என்றார். விமான நேரமும் தூரமும் போட்ட, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தோம். அதைப் புரட்டி, லண்டன் வழியாகப் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றேன். பரீட்சையில் பாஸான பெருமை எனக்கு. அவர் முகம் சுண்டிப்போனது.

"ஈரோட்டுக்கே அவ தனியாப் போனதில்லீங்க."

எத்தனை மணி நேரம்

டிக்கெட் கைக்கு வந்ததும் விரல் விட்டு எண்ணினார். சென்னையில் விடிகாலை ஐந்துக்குப் புறப்பாடு, அன்று மாலை ஐந்துக்கு சிகாகோ. பன்னிரண்டு மணி நேரம். திரும்பும்போது அங்கே மாலை ஐந்துக்குக் கிளம்பி, மூன்றாம் நாள் விடிகாலை நாலுக்குச் சென்னை. முப்பத்தைந்து.

அச்சடித்திருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம், எந்தப் பக்கம் போனாலும் இருபத்து மூன்றரை மணி நேரம்தான் என்று உருண்டைப் பேப்பர் வெயிட்டைப் பூமியாக வைத்துச் சுழற்றித் தொண்டை வற்ற விளக்கினேன். "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் அது மரியாதை, சம்மதமல்ல என்பதை நான் மறந்துபோனேன்.

"அப்ப போறப்ப இறக்கம், வாரப்ப ஏத்தமுங்க. நம்ம திம்பம் மலையாட்ட."

மாலை ஐந்தரை

சென்னையில் மனைவியை ஏற்றிவிட்டுப் பகல் ரயிலில் கிளம்பியவர், ஈரோட்டில் இறங்காமல் நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். ஐந்து மணி ஆனதும் வழியில் ஒரு பூத்திலிருந்து மகளுக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மா இன்னும் வரவில்லை என்றாளாம். இப்போதுதான் லண்டனில் இருப்பார், விடிந்தால் சேர்ந்துவிடுவார் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எனக்கும் உள்ளூரக் கவலைதான். லண்டனில் அந்த அம்மா விமானம் மாறவேண்டுமே.

"அங்க இன்னும் பொழுதே கெளம்பலீங்களாம். என்ற பொண்டாட்டிய எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

மறுநாள் பத்து மணி

ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றார். மகள் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ருக்மணியம்மாவின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"நா எங்கீங்க தனியாப் போனேன்? லண்டன்ல ஒரு பொள்ளாச்சிப் புள்ள, படிக்கப் போறவ, வழி தெரியாம அழுதுட்டு நின்னா. அவளயுங் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தனுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

எனக்கு உயிர் வந்தது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். அந்த அம்மா அமெரிக்காவில் இறங்கி அப்போது ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க, அந்தத் திரும்பற டிக்கெட்டக் கொஞ்சம் முன்னால இழுத்துப்போட முடியுங்களா?"

பறக்கிறவருக்கு எத்தனை மணி நேரம் என்று நான் சரியாகத்தான் சொன்னேன். வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு எத்தனை என்று எந்த விமானக் கம்பெனியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.