இரண்டாம் மாடிக்கு ஒரு காலிப் பெட்டி

எந்தச் சந்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மணி வேலை செய்யாது என்பதெல்லாம் கூரியருக்கு அத்துப்படி. பதினோரு வருடமாக வீடு வீடாகப் பார்சல் கொடுத்ததில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. யாரிடமும் வழி கேட்டதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரே ஒரு முகவரியைப் பிடிக்க முடியாமல் மூன்று வாரம் திண்டாடினார்.

அந்த முகவரி ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் இருந்தது: ஒரு கட்டடத்தின் பெயர், இரண்டாம் மாடி, பின்பக்கத்து அறை. எழுதிக் கொடுத்தவர், கூரியரின் மகள் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ். வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் எப்படி விழுந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அப்பாவின் வாயிலிருந்து வந்த வாடையே சொல்லிவிட்டது. குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசும் இடம் என்று மட்டும் சொன்னார். கூரியர் சீட்டை மடித்துப் பையில் போட்டதோடு சரி.

கட்டுப் பிரித்த பிறகும் மகள் அவர் வண்டியில் ஏறவில்லை. "நான் பஸ்லயே போயிக்கிறேன்ப்பா" என்றாள், பஸ் என்றால் ரொம்பப் பிடிக்கும் என்பதுபோல. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பன்னிரண்டு வயதுப் பெண் அப்பாவின் மனம் நோகாமல் பேசக் கற்றுக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சீட்டை வெளியே எடுத்தார்.

அவர் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு பார்சலை மூன்று தடவைதான் கொண்டுபோவார்கள். அப்போதும் சேர்க்க முடியாவிட்டால் வந்த இடத்துக்கே திருப்பிவிடுவார்கள். தனக்கும் அதே கணக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை கட்டட வாசல்வரை போனார். பல் டாக்டர் முதல் தையல் டீச்சர் வரை அங்கே எல்லாருக்கும் அவரைத் தெரியும். கையில் பார்சல் இல்லாமல் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? வண்டியைத் திருப்பினார். அது நேரே மதுக்கடையில் போய் நின்றது. வண்டி தானாகப் போனதாகத்தான் அவர் இன்றைக்கும் சொல்வார்.

இரண்டாவது சனிக்கிழமை துணிந்து மாடியேறினார். எந்தக் கதவிலும் பெயர்ப்பலகை இல்லை. ஆட்கள் கூடியிருந்த ஓர் அறையில் நுழைந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்துத் தெரு வீட்டுக்காரர்களின் கூட்டம். அந்தத் தெருவுக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்ததில் கூரியரின் கைக்கும் பங்குண்டு.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மேலே முகவரியையும் ஒட்டினார். கையில் பெட்டி இருந்தால் எவன் கேட்கப்போகிறான்? மாடிப்படியில் தையல் டீச்சர் எதிர்ப்பட்டார். கூரியர் தலைக்கனத்தை மூட்டை கட்டிவிட்டு, பின்பக்கத்து அறை எது என்று கேட்டார். டீச்சர் பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குழாயடிக்கு அடுத்த கதவைக் காட்டினார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, "பார்சல் யாருக்குங்க?" என்றார்.

விலாசம் தப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. வீட்டில் ஆயிரம் பொய் சொன்னவர்தான். ஆனால் பார்சல் யாருக்கு என்ற கேள்விக்கு அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அன்று காலையிலிருந்து அவர் குடிக்கவில்லை.

"எனக்குத்தான்" என்றார். "உள்ள ஒண்ணும் இல்லைங்க."

 மூலையில் இருந்தவர் சிரித்தார். "நான் கரன்ட் ரிப்பேர் பாக்கிறவன் மாதிரி ஒயரைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன்" என்றார். டீ ஊற்றிய அம்மாவோ, துடைப்பத்தோடு வந்து மூன்று வாரம் வராந்தாவைப் பெருக்கிவிட்டு மட்டும் போனவராம். பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று கூரியர் அதிகம் பேசவில்லை. மகளின் கையைப் பற்றி மட்டும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

போன இடத்தை வீட்டில் மறைக்கவில்லை. மனைவி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மகள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று யோசித்தாள். திரும்பி வந்து புத்தகப் பையை அவர் வண்டியின் பின்சீட்டில் வைத்தாள்.

"கை வலிக்குதுப்பா. பையை மட்டும் கொண்டாந்து குடுங்க."

பதினோரு வருடத்தில் எந்தப் பார்சலையும் அவர் அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனதில்லை. அப்படியும் பஸ்ஸுக்கு முன்னால் பள்ளி வாசலில் நின்றார். மகள் வந்தாள். பையை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. கேட்கக் கூச்சப்படுகிறாள் என்பதும் புரிந்தது. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே குனிந்து, அவள் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார்.

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கும் பை மட்டும்தான்ப்பா."

"சரிம்மா" என்றார் கூரியர்.