தண்ணீர் குடிக்காத செட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டுக்கறியை அலசிக்கொண்டிருந்தபோது, என் அண்ணன் மகள் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து யோசனை கேட்டாள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே மாணவியர் சங்கம் இரண்டு இருக்கிறதாம். ஒன்றுக்கு நாடு முழுக்கக் கிளைகள், டெல்லியில் தலைமை அலுவலகம். மற்றது அந்தக் கல்லூரிப் பெண்களாகவே ஆரம்பித்தது. "எதுல சேரட்டும் அத்தே? அது நேஷனல். இது சும்மா லோக்கல்" என்றாள்.

அந்தச் "சும்மா"வைக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் லோக்கல்தான். அய்யலூர் லோக்கல். கையிலிருந்த ஆட்டுக்கறி வாடை வேறு சேர்ந்துகொண்டு, என்னை நேராகக் காலை பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றிவிட்டது.

அந்தக் காலத்தில் திண்டுக்கல் கல்லூரிக்கு அய்யலூர்ப் பக்கத்துப் பெண்கள் நாங்கள் போன பஸ் அது. சந்தை நாளில் அதில் எங்களைவிட ஆடுகளுக்கு மரியாதை அதிகம். வகுப்பில் நுழைந்தால் டவுன் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ஆட்டுச் செட்டு. முதலில் அழுகை வந்தது. பாக்கியம் அக்காதான், வச்சால் வைக்கட்டும், நாமளும் அதையே சொல்லுவோம் என்றார். மூன்றாம் ஆண்டு பொருளாதாரம். ஆட்டு வியாபாரி மகள். அதன் பிறகு யார் கேட்டாலும் நாங்களே முந்திக்கொண்டு, ஆட்டுச் செட்டு என்று சொல்ல ஆரம்பித்தோம். சொல்பவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

எங்கள் கல்லூரியிலும் அகில இந்தியப் பேர் பெற்ற சங்கம் ஒன்று இருந்தது. புதன்கிழமையானால் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, தோளில் பித்தளை பேட்ஜ். வாத்தியாரான என் அப்பாவுக்கு அந்த பேட்ஜ் மேல் ஒரு கண். வேலைக்குப் போகிற இடத்தில் கேட்பார்கள் என்பார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சங்கத்துக்கு ஆள் தேர்வு செய்ய மதுரையிலிருந்து ஒரு அம்மாள் வரப்போகிறார் என்றதும் இங்கிலீஷில் பேசிப் பழகினேன். பொழுதுபோக்கு தோட்டம் போடுவது என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி; அதற்கும் அம்மாதான் தண்ணீர் ஊற்றுவாள்.

அந்த அம்மாள் வருகிற நாளில் நானும் இரவல் வெள்ளைச் சேலையில் விறைப்பாகப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் சேதி வந்தது. எங்கள் செட்டு மெர்சிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாம், இனிமேல் படிப்பு இல்லையாம். எரியோட்டில் அவள் அப்பாவுக்கு உரக்கடை. மெர்சி கணக்கில் புலி. பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது.

பாக்கியம் அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "நாலு மணி பஸ்ஸுக்கு எரியோடு போறேன். வாரவ வாங்க. சங்கத்துக்குப் போறவ போ, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். கடைசி வாக்கியத்தை என் சேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மதுரை அம்மாள் வருவதும் நாலு மணிக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். பஸ்ஸில் யாரோ மடியில் வைத்திருந்த ஆட்டுக்குட்டி ஒன்று என் இரவல் முந்தானையை நிம்மதியாக மென்றது. நானும் விட்டுவிட்டேன்.

மெர்சியின் அப்பா முதலில் சந்தோஷமாகத்தான் வரவேற்றார். அவள் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். யாரும் தொடவில்லை. காபி வந்தது. அதையும் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் பகை உள்ள வீட்டில்தான் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒரு கூட்டம் வயசுப் பெண்கள் வாசலில் பார்த்தால் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, வாய் நனைக்காமல் இருந்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இரண்டு மூன்று.

"எம் மகளுக்கு எப்பக் கலியாணம்னு நீங்க சொல்லணுமா?" என்றார் அவர்.

"கலியாணம் வேணாம்னு சொல்லலப்பா. படிப்ப முடிக்கட்டும். அன்னிக்கு வந்து விருந்தே சாப்புடுறோம்" என்றார் பாக்கியம் அக்கா.

மெர்சியின் அப்பா உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். காபியில் ஆடை படிந்தது. எனக்கு நாக்கு வறண்டு போய், யாராவது ஒருத்தி செம்பை எடுத்துத் தொலைக்க மாட்டாளா என்று இருந்தது. அப்போது மெர்சி உள்ளேயிருந்து வந்து, அப்பா முகத்தைப் பார்க்காமல் எங்கள் வரிசையில் உட்கார்ந்தாள். சொந்த வீட்டில் அவளுடைய அம்மா நீட்டிய தண்ணீரை அவளும் வாங்கவில்லை.

அதுதான் அவரை உடைத்தது. செம்பை அவரே எடுத்து நீட்டி, "சரி, படிப்ப முடிக்கட்டும். முதல்ல தண்ணியக் குடிங்க" என்றார். ஆறிய காபியை ஆடையோடு குடித்தோம். இன்றைக்கு மெர்சி தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

வீட்டில் அன்றைக்கு எனக்கு நல்ல பூசை. "ஏத்தா, இந்தியா பூராம் பேரு உள்ள சங்கத்த விட்டுட்டு வந்திருக்கியே" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பேர வச்சு எரியோட்டுல என்னப்பா பண்றது?" என்று கேட்டேன். இதுநாள்வரை எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பேட்ஜ் இல்லாமலே வேலைக்குப் போனேன். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. ஆனால் அய்யலூரிலிருந்து திண்டுக்கல் வரைக்கும், மகளைப் பாதியில் நிறுத்த நினைத்த தகப்பன்மார் ஒருமுறை யோசித்தார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்துவிடும் என்ற பேர் எங்களுக்கு இருந்தது. டெல்லிக்குத் தெரியாத பேர்தான். அதனால் என்ன குறைந்துவிட்டது?

இப்போது கல்லூரி பஸ்ஸே தெருமுனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொள்கிறது. நல்லதுதான். ஏறியதும் ஆளுக்கொரு ஹெட்போன். செட்டு என்று யாரும் இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அண்ணன் மகள் மேடையிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அவள் வகுப்பிலும் ஒருத்தி போன மாதம் நின்றுவிட்டாளாம், கல்யாணமாம். இரண்டு சங்கத்திலும் அவள் உறுப்பினராம். நிச்சயதார்த்த போட்டோவுக்கு எல்லாரும் ஹார்ட் போட்டார்களாம்.

"அவளுக்கு எந்த ஊருடி?" என்று கேட்டேன்.

அவள் செல்போனைக் கையில் எடுத்தாள். எதையோ தேடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாங்க யாரும் கேட்டதே இல்ல அத்தே."